போதிய கால அவகாசம்

சில ஆண்டுகள் ஒரு தொழில் சங்கத்தின் அலுவலகத்தில் மனு எழுதுவதுதான் என் வேலை. வெளியாரிடம் இதைச் சொன்னால் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லாபியா?" என்பார்கள். அரசின் முடிவைத் தங்கள் பக்கம் சாய்க்க முயலும் வேலைக்கு அதுதான் பெயர். அவர்கள் மனத்தில் ஓடும் காட்சி எனக்குத் தெரியும்: மங்கிய வெளிச்சம், மூலை மேசை, கைமாறும் பெட்டி. அப்படி எதுவுமே உலகத்தில் நடப்பதில்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் நான் கண்ட லாபி பெரும்பாலும் கணினியில் கிடந்த ஒரு கோப்பு. 'இறுதி', 'இறுதி 2', 'இறுதி திருத்தியது', 'இதுவே இறுதி' என்று அதன் பெயருக்கு வால் முளைத்துக்கொண்டே போகும்.

எங்கள் சங்கத்தில் இரண்டு சாதி உறுப்பினர்கள் இருந்தார்கள். உலோகத் தகடு உருட்டும் ஆலைக்காரர்கள் ஒரு பக்கம். அந்தத் தகட்டை வாங்கி, வெட்டி, வளைத்து, பொருளாக்கி விற்கும் பட்டறைக்காரர்கள் மறுபக்கம். ஆலைக்காரர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பட்டறைக்காரர்கள் நூற்றுக்கணக்கில். சந்தா உற்பத்தி அளவுக்கு ஏற்றபடி என்பதால், அலுவலக வாடகையும் என் சம்பளமும் அந்த ஐந்தாறு பேர் பணத்தில் ஓடின. கடிதத் தாளின் தலைப்பில் 'இத்தனை நிறுவனங்களின் ஒரே குரல்' என்று அச்சிட்டுக்கொள்ளப் பட்டறைக்காரர்களின் எண்ணிக்கை உதவியது. ஒருவர் பணம் தந்தார், மற்றவர் தலை தந்தார். ஏறக்குறைய எல்லாச் சங்கங்களும் இப்படித்தான் நிற்கின்றன என்பது பிற சங்கங்களின் அலுவலர்களோடு பேசிப் பழகிய பிறகு புரிந்தது.

ஒரு நாள் அரசின் வரைவு விதி வெளியானது. இனிமேல் தகட்டுக்குத் தரச்சான்று கட்டாயம். 6 மாதத்தில் நடைமுறைக்கு வரும். ஆட்சேபம் இருப்பவர்கள் 30 நாட்களுக்குள் எழுதலாம்.

பட்டறைக்காரர்கள் தொலைபேசியில் கொதித்தார்கள். அவர்கள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் மலிவுத் தகட்டுக்குச் சான்று கிடைக்க ஓராண்டாவது ஆகும். அதுவரை உள்ளூர் ஆலை சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். ஆலைக்காரர்களிடமிருந்து தொலைபேசியே வரவில்லை. அவர்களுக்கு இந்த விதி தேன். அந்த மௌனத்தின் பொருளை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை.

முதல் வரைவை இரவோடு இரவாக எழுதினேன். 'விதியை 2 ஆண்டுகளுக்கு ஒத்திவைக்க வேண்டும்' என்று நேரடியாக இருந்தது. இன்றும் அதுதான் நான் எழுதியவற்றில் நல்ல மனு என்று நினைக்கிறேன். அதை அலுவலகத்துக்கு வெளியே யாரும் படித்ததில்லை.

செயற்குழு கூடியது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் கூட்டம் என்பதால் சங்கத்தின் வழக்கறிஞரும் ஒரு மூலையில் இருப்பார். அவருக்கு ஒரே வேலை, யாராவது 'விலை' என்று வாயெடுத்தால் இருமுவது. அரசிடம் கூட்டாகப் போய் முறையிடுவது சட்டப்படி சரி. தங்களுக்குள் விலை பேசிக்கொள்வது குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு அவர் தொண்டையில் இருந்தது. அமெரிக்காவில் இந்தக் கோட்டை 1961-இல் உச்ச நீதிமன்றமே வரைந்து காட்டியது. லாரித் தொழிலை முடக்கும் சட்டங்களுக்காக ரயில் நிறுவனங்கள் கூட்டாகப் பிரசாரம் செய்தன. விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்திக்கொண்டு, சுதந்திரமான அமைப்புகள் பேசுவதைப் போலவும் பேசவைத்தன. லாரிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். போட்டியாளரை ஒழிக்கும் நோக்கம் இருந்தாலும், அரசிடம் கேட்பது கூட்டுச் சதிக்கு எதிரான சட்டத்தின்கீழ் வராது என்று தீர்ப்பானது. எங்கள் வழக்கறிஞர் இந்த வழக்கைச் சொல்லும்போது மட்டும் இருமமாட்டார்.

அன்றைய கூட்டத்தில் ஆலைக்காரர் ஒருவர் என் வரைவைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "தரம் வேண்டாம் என்று நாம் எழுதிக்கொடுப்பதா? நாளைக்குப் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும், யோசித்தீர்களா?" நல்ல கேள்வி. அதற்குப் பின்னால் அவருடைய லாபக் கணக்கு இருந்தது என்பதால் கேள்வி மோசமாகிவிடாது. எதிரே இருந்த பட்டறைக்காரர், "தரத்தை யார் வேண்டாம் என்றார்? மூச்சுவிட நேரம் கொடுங்கள் என்கிறோம்" என்றார்.

அங்கிருந்து தொடங்கியது தேய்மானம். 'ஒத்திவைக்க வேண்டும்' என்பது இரண்டாம் வரைவில் 'மறுபரிசீலனை செய்ய வேண்டும்' ஆனது. நான்காம் வரைவில் முதல் பத்தியில் தரத்தைப் புகழ்ந்து மூன்று வரிகள் ஏறிக்கொண்டன. ஐந்தில் '2 ஆண்டுகள்' காணாமல் போயிற்று. ஏழாவது வரைவில் மிஞ்சிய வாக்கியம் இது: 'விதியை நடைமுறைப்படுத்தப் போதிய கால அவகாசம் அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' மேசையைச் சுற்றி எல்லாத் தலையும் ஆடின. போதிய என்பது அவ்வளவு தாராளமான சொல். அதற்குள் 6 மாதமும் உட்காரும், 24 மாதமும் உட்காரும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒன்றை ஒன்று இடிக்காது.

அதிகாரியைப் பார்க்க ஐந்து பேர் போனோம். பொதுவாக மனுவை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சொல்லுங்கள்" என்பார்கள். இவர் எங்கள் எதிரிலேயே முழுவதையும் படித்தார். பென்சிலால் ஓரிடத்தில் கோடு போட்டார். நிமிர்ந்து, "போதிய என்றால் எத்தனை மாதம்?" என்றார்.

எங்கள் தலைவர் ஆலைக்காரர். "6 மாதம் என்பதே ஓரளவு…" என்று ஆரம்பித்தார். அதே நொடியில் பட்டறைக்காரர்களின் பிரதிநிதி, "குறைந்தது 18" என்றார். இரண்டு குரலும் அறையின் நடுவில் மோதி விழுந்தன. அதிகாரி சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. மனுவை மடித்து என்னிடமே நீட்டினார். "முதலில் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்." லிப்டில் இறங்கும்போது ஐந்து பேரும் மாடி எண் மாறுவதை அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சங்கம் என்றால் அரசிடம் பேசும் அமைப்பு என்பார்கள். என் கணக்கில் அரசிடம் பேசியது வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சமெல்லாம் உறுப்பினரிடம் உறுப்பினருக்காகப் பேசியதுதான். அரசின் காதுக்குப் போவது அந்தச் சண்டையின் வடிகட்டிய நீர். அதில் எவ்வளவு சத்து மிஞ்சியிருக்கிறது என்பது மேசையைச் சுற்றி யார் பிடிவாதம் பிடித்தார்கள், யாருக்குக் கூட்டத்துக்கு வர நேரம் இருந்தது, யார் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று சொல்லாமல் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது.

இதற்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த காட்சி 1838 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வர்த்தக சபையில் நடந்தது. இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு நிலப்பிரபுக்களைக் காத்த தானியச் சட்டங்களை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்ப வேண்டும். சபையின் பொறுப்பாளர்கள் பதமாக, யாரையும் நோகடிக்காமல் ஒரு மனு எழுதி வைத்திருந்தார்கள். சாட்சாத் ஏழாவது வரைவு. துணி வியாபாரியான ரிச்சர்ட் காப்டன் அது போதாது என்றார். வரியை அடியோடு நீக்கக் கேட்ட அவர் தரப்பின் கடுமையான மனு சபையில் நிறைவேறியது. அந்த நகரத்திலிருந்துதான் தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கம் கிளம்பியது. 1840-இல் ஒரு பென்னி காசுக்கு நாட்டில் எங்கும் கடிதம் அனுப்பும் அஞ்சல் முறை வந்ததும் துண்டுப்பிரசுரங்கள் நாடெங்கும் பறந்தன. நாடாளுமன்றத்தில் சார்லஸ் வில்லியர்ஸ் ஆண்டுக்கு ஒரு முறை தீர்மானம் கொண்டுவந்து ஆண்டுக்கு ஒரு முறை தோற்றார். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. 1846-இல், அந்தச் சட்டங்களைக் காப்பாற்ற வேண்டிய கட்சியின் பிரதமரான ராபர்ட் பீலே அவற்றை நீக்கினார். பஞ்சம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் வாதாடட்டும். எனக்கு அந்த முதல் கூட்டம் போதும். பதமான மனு ஒன்று மேசையில் தயாராக இருக்கும்போது, "இது வேண்டாம்" என்று சொல்லிப் பெரும்பான்மையையும் திரட்டுவது எவ்வளவு கடினம் என்று ஏழு வரைவு எழுதியவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஆலை, பட்டறைச் சண்டையின் பெரிய வடிவமும் உண்டு. 2002 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் இறக்குமதி உருக்குக்கு 30 சதவீதம் வரை வரி விதித்தார். உருக்காலைகள் கேட்டது கிடைத்தது. உருக்கை வாங்கிப் பொருள் செய்யும் தொழில்களில் ஆலைகளைவிடப் பல மடங்கு ஆட்கள் வேலை செய்தார்கள். ஆனால் அவர்கள் ஆயிரம் தொழில்களில் சிதறிக் கிடந்தார்கள். வலி வந்த பிறகுதான் அவர்கள் குரல் ஓங்கியது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தோற்று, ஐரோப்பா பதிலடி வரிப் பட்டியலோடு நின்ற பிறகு, 2003 டிசம்பரில் வரி விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஒரே அமைப்புக்குள் முரண்பாடு முற்றினால் சிலர் வெளியேறுவார்கள். 2009-இல் பருவநிலைச் சட்டம் பற்றி அமெரிக்க வர்த்தக சபை எடுத்த நிலைப்பாடு பிடிக்காமல் ஆப்பிளும் சில மின் நிறுவனங்களும் உறுப்பினர் பொறுப்பையே துறந்தன. நைக்கி இன்னும் நயம்: நிர்வாகக் குழுவிலிருந்து மட்டும் விலகிக்கொண்டு உறுப்பினராகவே இருந்தது. வாசலில் ஒரு கால் வைத்திருப்பது என்றால் இதுதான்.

வெளியேற முடியாத சங்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? ஜெர்மனியில் தொழில் வர்த்தக சபைகளில் உறுப்பினராக இருப்பது சட்டப்படி கட்டாயம். சபைகளின் தேசிய அமைப்பு தன் அதிகாரத்தைத் தாண்டிப் பொது அரசியல் விஷயங்களில் எல்லாம் கருத்துச் சொல்கிறது, அது என் கருத்தில்லை என்று காற்றாலை மின் தொழிலில் இருந்த ஓர் உறுப்பினர் நீதிமன்றம் போனார். 2020 அக்டோபரில் அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவருடைய வட்டாரச் சபை தேசிய அமைப்பிலிருந்தே விலக வேண்டும் என்று தீர்ப்பு. கட்டாயமாகச் சந்தா வாங்கினால், பேசும்போது சிறுபான்மைக் கருத்தையும் மறைக்காமல் பேசு என்பது அதன் சாரம். எங்கள் பட்டறைக்காரர்களுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் கிடைத்திருந்தால் என் முதல் வரைவு ஒருவேளை பிழைத்திருக்கும்.

அரசு ஏன் சங்கங்களைக் கேட்கிறது? அதிகாரிக்கு நேரமும் ஆளும் குறைவு, தொழிலின் உள்விவரம் தெரியாது. ஒரு தகட்டைச் சோதிக்க எத்தனை நாள் ஆகும் என்பதை அவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? இந்த இடைவெளியில்தான் சங்கம் கடை விரிக்கிறது. அங்கே விற்கும் பொருள் தகவல். தவறான தகவலை ஒரு முறை விற்றுவிடலாம். இரண்டாம் முறை கதவு திறக்காது. ஆகவே கெட்டிக்காரச் சங்கம் பொய் சொல்வதில்லை. எந்த உண்மையை முதல் பக்கத்தில் வைப்பது, எதை இணைப்பு 4-இல் புதைப்பது என்பதில் தன் திறமையைக் காட்டும். நானும் காட்டியிருக்கிறேன்.

எல்லா மனுவுக்கும் ஒரே இலக்கணம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'எங்களுக்கு லாபம் குறைகிறது' என்று யாரும் எழுதுவதில்லை. வேலைவாய்ப்பு குறையும், நாட்டின் நலன் கெடும், நுகர்வோர் பாதிக்கப்படுவர். 1845-இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரடெரிக் பாஸ்தியா இந்த இலக்கணத்தைக் கேலி செய்து ஒரு போலி மனு எழுதினார். மெழுகுவர்த்தி செய்பவர்கள், சூரியன் என்ற அந்நியப் போட்டியாளர் இலவசமாக வெளிச்சம் தந்து சந்தையைக் கெடுக்கிறான், எல்லா ஜன்னலையும் மூடச் சட்டம் போடுங்கள் என்று கேட்பார்கள். அதை முதல் முறை படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது வாக்கிய அமைப்பு எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது.

யாரைப் பார்ப்பது என்பது தனிக் கலை. அமைச்சரைப் பார்த்தால் புகைப்படம் கிடைக்கும். அதைச் சுற்றறிக்கையில் போட்டால் உறுப்பினர்கள் சந்தாவைத் தடங்கலின்றிக் கட்டுவார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் வரைவை உண்மையில் தட்டச்சு செய்பவருக்கு இரண்டு படி மேலே இருப்பவரைப் பார்க்க வேண்டும். அதுவும் வரைவு வெளியாகும் முன்பு. வெளியான பிறகு கொள்கையை அசைப்பது அரிது. அப்போது மாற்றக்கூடியவை மூன்றுதான்: 'தகடு' என்றால் எது என்று சொல்லும் வரையறை, எந்தத் தேதியிலிருந்து அமல், யாருக்கு விலக்கு. பத்திரிகைகள் விதியின் நோக்கத்தைப் பற்றித் தலையங்கம் எழுதிக்கொண்டிருக்கும்போது சங்கக்காரன் இரண்டாம் பிரிவின் உட்பிரிவில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

இதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சட்டங்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1995-இல் லாபி வெளிப்படுத்தல் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-இல் வெளிப்படைப் பதிவேடு. அயர்லாந்தில் 2015-இல் ஒரு சட்டம், அதன்படி யார் எந்த அதிகாரியிடம் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று ஆண்டுக்கு மூன்று முறை பதிய வேண்டும். எனக்குப் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒரு வரி விதி. 1993-இல் அமெரிக்கா செய்த மாற்றத்தின்படி, சந்தாவில் லாபிக்குச் செலவான பங்குக்கு வரிச் சலுகை கிடையாது. சங்கம் தன் உறுப்பினருக்கு அந்தப் பங்கு எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கான வரியைத் தானே கட்ட வேண்டும். பட்டறைக்காரர் ஒருவர் தன் பணத்தில் எத்தனை பங்கு அவருக்கே எதிராகப் பேசச் செலவானது என்று கேட்க, அந்த எண் ஒரு தொடக்கம். இருந்தாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏழாவது வரைவுதான் ஏறும். முதல் வரைவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் பத்தி எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். திரும்பி வந்த மறுவாரம் நான் தீர்மானங்களை விட்டுவிட்டு எண்களைப் பிடித்தேன். சோதனைக்கூடங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி போட்டேன். ஒரு மாதிரிக்கு எத்தனை நாள், மாதத்துக்கு எத்தனை மாதிரி, இப்போதே வரிசையில் நிற்பவர்கள் எத்தனை பேர். பெருக்கி வகுத்தபோது 14 மாதம் என்று வந்தது. அந்தத் தாளைச் செயற்குழுவில் வைத்தேன். ஆலைக்காரருக்கு 14 பிடிக்கவில்லை. ஆனால் கூட்டல் கழித்தலோடு சண்டை போட அவருக்கு வழியில்லை. பட்டறைக்காரர்கள் 18-ஐ விட்டிறங்கினார்கள். எட்டாவது வரைவு ஒன்றரைப் பக்கம், அதில் ஒரு பக்கம் அட்டவணை.

அதே அதிகாரி, அதே பென்சில். அட்டவணையை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். பிறகு, "உங்கள் உறுப்பினர் ஒருவர் போன வாரம் தனியாக வந்திருந்தார். 6 மாதமே தாராளம் என்றார்" என்று சொல்லிவிட்டு எங்கள் தலைவரைப் பார்த்தார். தலைவர் அட்டவணையைப் பார்த்தார். பெரிய நிறுவனத்துக்குச் சங்கம் ஒரு வாசல். சொந்தமாக இன்னொரு வாசலும் வைத்திருக்கும். சிறியவர்களுக்கு இருப்பது இந்த ஒன்றுதான். "இரண்டில் எதற்குக் கணக்கு இருக்கிறதோ அதை மேலே அனுப்புகிறேன்" என்றார் அதிகாரி. நான் கேட்ட வாக்கியங்களில் அதற்கு இணையாக என்னை மகிழ்வித்தது அந்த வேலையில் வேறில்லை.

இறுதி அறிவிக்கையில் 12 மாதம் என்று இருந்தது. 14 எப்படி 12 ஆயிற்று என்பதை மேலே யாரோ ஒருவர் மட்டும் அறிவார். சுற்றறிக்கை எழுதும் பொறுப்பும் என்னுடையதே: 'சங்கத்தின் அயராத முயற்சியால் கால அவகாசம் இரு மடங்காக உயர்ந்தது.' தலைவரின் புகைப்படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

மான்கர் ஓல்சன் என்ற பொருளியலாளர் 1965-லேயே எழுதிவைத்தார்: பெரிய கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு நன்மை கிடைக்கும் என்றால், அதற்காக உழைக்கவும் பணம் கட்டவும் தனித்தனி ஆளுக்குத் தூண்டுதல் இருக்காது, கட்டாதவனுக்கும் அது கிடைத்துவிடுமே. அதனால்தான் சங்கங்கள் காப்பீட்டுத் தள்ளுபடி, பயிற்சி வகுப்பு, பெயர்ப்பட்டியல் என்று உறுப்பினருக்கு மட்டும் சில சில்லறை வசதிகளைக் கையில் வைத்திருக்கின்றன.

அறிவிக்கை வந்த அன்று மாலை முதல் தொலைபேசி ஒரு பட்டறைக்காரரிடமிருந்து வந்தது. உணர்ச்சிவசப்பட்டிருந்தார். "நீங்கள் இல்லாவிட்டால் கடையை மூடியிருப்பேன், சார்" என்றார். அறிவிக்கையின் நகலும் சான்றுக்கான விண்ணப்பப் படிவமும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்புவதற்காக உறுப்பினர் எண்ணைக் கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. தான் இன்னும் உறுப்பினராகவில்லை என்றும், நெடுநாளாகவே சேர நினைத்திருப்பதாகவும் சொன்னார். சந்தா எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"யோசித்துச் சொல்கிறேன். படிவத்தை மட்டும் இப்போதே அனுப்பிவிடுங்கள்" என்றார்.

அனுப்பினேன்.